‘வொர்ஸ்ட்’ என்று எழுதும் முன்...

போன மாதம் இரும்பையில் அக்கா வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். புதுச்சேரி - திண்டிவனம் சாலையிலிருந்து ஆரோவில் பக்கமாகத் திரும்பினால் வரும் ஊர். காலையில் காபி டம்ளரைக் கையில் வாங்குவதற்குள் அக்கா மகள் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“சித்தி, இதெல்லாம் திட்டா, இல்லையா? நீங்களே பார்த்துச் சொல்லுங்க.”

பக்கத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அவளுக்கு வேலை. தங்கிவிட்டுப் போகிறவர்கள் இணையத்தில் எழுதும் ரிவ்யூக்களுக்குப் பதில் போடுவதும் அவள் பொறுப்புதான். அந்த வாரம் நான்கு பேர் எழுதியிருந்தார்கள். இரும்பை கோயிலைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர் அதை ‘அண்டர்வெல்மிங்’ என்றிருந்தார். காலை டிபன் ‘மீடியாக்கர்’ என்று இன்னொருவர். அறையின் சுத்தம் ‘நாட் அப் டு தி மார்க்’ என்று மூன்றாமவர். நான்காமவரிடம் கோபமே இல்லை. பாத்ரூம் ஹீட்டரின் வயரிங் ‘சப்ஸ்டாண்டர்ட்’ என்று ஒரே வரி எழுதி, நன்றியும் சொல்லி முடித்திருந்தார்.

“எல்லாரும் வொர்ஸ்ட்டுன்னுதான் எழுதியிருக்காங்கன்னு முதலாளி சொல்லிட்டார் சித்தி. அதுல மீடியாக்கர்தான் பெரிய வார்த்தையா இருக்காம். சமையல் பண்ற அக்காவை நிறுத்திடப் போறாராம். பாவம், ரெண்டு பிள்ளைங்க அவங்களுக்கு.”

நான்கையும் இன்னொரு தரம் படித்தேன். முதலாளி பயப்பட வேண்டியது டிபனைப் பற்றிய வரிக்கு அல்ல. கோபமில்லாத அந்தக் கடைசி வரிக்கு. அதைத்தான் அவர் கண்டுகொள்ளவே இல்லை. அதனால் இந்த வாரம், எதிர்பார்த்த அளவுக்கு இல்லாத ஒன்றைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களைப் பார்த்துவிடலாம்.

இரண்டே சொற்களா?

தமிழில் பேசும்போது நாம் எவ்வளவு நுணுக்கமாகக் குறை சொல்கிறோம்! பரவாயில்லை, சுமார்தான், சப்பென்று இருக்கு, சொதப்பிட்டாங்க, மொக்கை, புஸ்ஸுன்னு போச்சு, அரைவேக்காடு... ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை உண்டு. ‘பரவாயில்லை’ என்று சொல்ல வேண்டிய சாம்பாரை ‘சொதப்பல்’ என்றால் வீட்டில் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

அதே நாம் ஆங்கிலத்துக்கு மாறியதும் இரண்டே சொற்களில் நின்றுவிடுகிறோம். பிடித்தால் ‘சூப்பர்’, பிடிக்காவிட்டால் ‘வொர்ஸ்ட்’. சிலர் ‘வெரி வொர்ஸ்ட்’, ‘டூ வொர்ஸ்ட்’ என்றும் எழுதுகிறார்கள். வொர்ஸ்ட் என்றால் இருப்பதிலேயே மோசமானது. அதற்குக் கீழே இனி படி இல்லை. அதனால் அதற்கு முன்னால் ‘வெரி’ போட இடமில்லை. ஓர் இட்லி கொஞ்சம் கல்லாக இருந்தால் அது உலகத்திலேயே மோசமான இட்லி ஆகிவிடுமா?

குறை சொல்லும் சொல் எதைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள். எதைவிடக் குறைவு? நான் மனதில் நினைத்ததைவிடவா? எழுதிவைத்த ஓர் அளவைவிடவா? அல்லது இதே மாதிரியான மற்றவற்றோடு வைத்துப் பார்த்தா? இந்த மூன்றில் எது என்று தெரிந்தால் சரியான சொல் பாதி கிடைத்த மாதிரி.

மனதில் நினைத்தது

‘டிஸப்பாயிண்டிங்’ நமக்குத் தெரிந்த சொல். ஏமாற்றம் தருவது. இதன் வேரில் ‘அப்பாயிண்ட்’ இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பழைய ஆங்கிலப் புழக்கத்தில் ஒருவரைப் பதவியிலிருந்து இறக்குவதைத்தான் இப்படிச் சொன்னார்கள். நாம் மனதில் ஓர் உயர்ந்த நாற்காலியில் உட்காரவைத்த ஒன்று கீழே இறங்கிவிடுகிறது. ஏமாற்றம் என்பது அதுதானே?

‘அண்டர்வெல்மிங்’ இதைவிட மெலிதானது. ‘வெல்ம்’ என்பது கவிழ்ப்பது, மூழ்கடிப்பது என்ற பொருளில் இருந்த பழைய சொல். ‘ஓவர்வெல்ம்’ என்றால் பெரிய அலை வந்து ஆளையே மூழ்கடித்த மாதிரி திக்குமுக்காட வைப்பது. 20ஆம் நூற்றாண்டில் யாரோ வேடிக்கையாக ‘ஓவர்’ இருந்த இடத்தில் ‘அண்டர்’ போட்டுவிட்டார்கள். அலை வந்தது, ஆனால் கால்கூட நனையவில்லை!

கோயிலைப் பற்றி எழுதியவர் சொன்னது இதைத்தான். இரும்பை மாகாளேசுவரர் கோயில் சம்பந்தர் பாடிய தலம். கடுவெளிச் சித்தரின் கதையோடு சேர்ந்த கோயில். பிளந்துபோன லிங்கத்தைச் செப்புத் தகட்டால் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். கதை பெரியது, கோயில் சிறியது. தஞ்சைப் பெரிய கோயில் மாதிரி நினைத்து வந்தவருக்கு அது அண்டர்வெல்மிங். கோயில் மேல் அவர் குறை சொல்லவில்லை. அவர் கொண்டுவந்த எதிர்பார்ப்பின் அளவைச் சொல்கிறார். அக்காவுக்கு இதை விளக்கிய பிறகுதான் அவள் முகம் தெளிந்தது.

இதே வரிசையில் இன்னும் இரண்டு.

‘ஆன்டி கிளைமாக்ஸ்’: கிளைமாக்ஸ் என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் ஏணி என்று பொருள். படிப்படியாக ஏறி உச்சியில் ஏதோ இருக்கிறது என்று பார்த்தால், ஒன்றுமே இல்லை. படம் முழுக்க வில்லனைத் தேடிவிட்டு, கடைசியில் அவன் தானாகவே தடுக்கி விழுந்து செத்தால் அது ஆன்டி கிளைமாக்ஸ்.

‘டேம்ப் ஸ்குவிப்’: நம்மூர் ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு மிகவும் பிடித்தது. ஸ்குவிப் என்றால் சிறிய வெடி. டேம்ப் என்றால் ஈரம். நமத்துப்போன பட்டாசு! தீபாவளிக்கு முதல் நாள் மழையில் பட்டாசுப் பெட்டியை நனையவிட்ட வீட்டுக்கு இதன் பொருளைத் தனியாக விளக்க வேண்டாம். பெரிதாக அறிவித்து, கூட்டமே வராத விழாவுக்கு இது கச்சிதமான சொல். ஆங்கிலேயர்களிலேயே சிலர் இதை ‘டேம்ப் ஸ்குவிட்’ என்று சொல்லிவிடுவதுண்டு. ஸ்குவிட் என்றால் கணவாய் மீன். அது எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். அதில் என்ன ஏமாற்றம்?

இந்தச் சொற்களுக்கெல்லாம் ஒரு பொதுக்குணம் உண்டு. இவை பொருளைப் பற்றிப் பாதியும், சொல்பவரைப் பற்றிப் பாதியும் சொல்லும். ஒரு சின்ன உதாரணம். என் அக்கா வீட்டுக்காரருக்கு விவசாயம். அவர் தங்கையைக் கொடுத்திருப்பது மரக்காணத்தில். உப்பளத்தில் கூலி வேலை. சித்திரையில் இரண்டு நாள் நல்ல மழை பெய்தால் மாமா வானத்தைப் பார்த்துக் கும்பிடுவார். அதே மழையில் அங்கே பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துபோகும். தங்கை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார். மழை வராமல் போனால் மாமாவுக்கு அது டிஸப்பாயிண்டிங், தங்கைக்கு நிம்மதி. ஒரே வானம்தான். யாருடைய எதிர்பார்ப்பு என்று சொல்லாமல் டிஸப்பாயிண்டிங் என்ற சொல்லுக்கு உயிரே இல்லை.

எழுதிவைத்த அளவு

இப்போது அதே மழையை வானிலை ஆய்வு மையம் எப்படிச் சொல்கிறது என்று பாருங்கள். ‘டெஃபிஷியன்ட்’ என்பது அவர்கள் சொல். வழக்கமான மழையளவைவிட 19 சதவீதம் வரை குறைந்தாலும் அது ‘நார்மல்’தான். 20 முதல் 59 சதவீதம் வரை குறைந்தால் டெஃபிஷியன்ட். 60 முதல் 99 சதவீதம் வரை குறைந்தால் ‘லார்ஜ் டெஃபிஷியன்ட்’. மாமாவின் வருத்தமும் தங்கையின் நிம்மதியும் இந்தக் கணக்கில் வராது. ஏமாற்றம் என்று ஒரு சொல்லும் கிடையாது. வெறும் எண்.

உப்பளத்திலும் இப்படித்தான். கடல்நீர் வெயிலில் காய்ந்து காய்ந்து அடர்த்தி ஏற வேண்டும். அதை அளக்கும் பொமே கருவியில் ஏறத்தாழ 25 டிகிரி வரும்போதுதான் உப்பு படியத் தொடங்கும். அந்த அளவு வராவிட்டால் யார் மீதும் கோபப்பட்டுப் பயனில்லை. இன்னும் வெயில் வேண்டும், அவ்வளவுதான்.

‘சப்ஸ்டாண்டர்ட்’ இந்தக் குடும்பத்துச் சொல். ஸ்டாண்டர்ட் என்ற அளவுக்குக் கீழே. நம் நாட்டில் இது சட்டத்தில் உள்ள சொல்லும்கூட. உதாரணத்துக்கு உப்பையே எடுத்துக்கொள்வோம். அயோடின் கலந்த உப்பு கடையில் விற்கப்படும்போது அதில் குறைந்தது 15 பிபிஎம் அயோடின் இருக்க வேண்டும். அதாவது பத்து லட்சம் பங்கில் 15 பங்கு. சோடியம் குளோரைடு 96 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இந்த அளவுகளை எட்டாத, ஆனால் உடம்புக்குத் தீங்கு செய்யாத உணவுப் பொருளை 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் சப்ஸ்டாண்டர்ட் என்கிறது. இதற்கு அபராதம் 5 லட்சம் ரூபாய் வரை. உடம்புக்குக் கெடுதல் என்றால் அது ‘அன்ஸேஃப்’. ஜெயில் வரை போகும். உள்ளே இருப்பது ஒன்று, லேபிளில் பொய்யாக எழுதியிருப்பது வேறு என்றால் ‘மிஸ்பிராண்டட்’. இதற்கு அபராதம் 3 லட்சம் வரை. மூன்றும் நமக்கு ‘மோசமான பொருள்’தான். சட்டத்துக்கு மூன்றும் வேறு வேறு.

அதனால்தான் ஹீட்டர் வயரிங்கைப் பற்றிய அந்த ஒரு வரியைப் பார்த்துப் பதறினேன். எழுதியவர் தன் மனக்குறையைச் சொல்லவில்லை. இருக்க வேண்டிய தரத்தில் வயர் இல்லை என்கிறார். உப்பில் அயோடின் குறைந்தால் உடனே ஆபத்து இல்லை. ஈரக் கையோடு சுவிட்சைத் தொடும் இடத்தில் தரம் குறைந்தால் உயிர் போகும்.

‘நாட் அப் டு தி மார்க்’ இதே குடும்பத்தில் சாதுவான பிள்ளை. கோட்டைத் தொடவில்லை, கொஞ்சம் மேலே ஏறணும் என்ற தொனி. அறையை இன்னொரு தரம் துடைத்தால் போதும்.

‘பிலோ பார்’ என்பதும் உண்டு. ‘பார்’ என்றால் சமம், வழக்கமான அளவு. இன்றைக்கு எனக்கு உடம்பு சரியில்லை என்பதற்கும் ‘ஐ ஃபீல் பிலோ பார்’ என்பார்கள். ஆனால் கோல்ஃப் பார்க்கிறவர்கள் ஜாக்கிரதை. அங்கே பந்தைக் குறைந்த அடிகளில் குழியில் போடுகிறவரே வெற்றியாளர். அதனால் ‘அண்டர் பார்’ என்றால் அங்கே பாராட்டு!

கூட்டத்தில் ஒன்று

சரி, சமையல்கார அக்காவின் வேலைக்கே உலைவைக்கப் பார்த்த ‘மீடியாக்கர்’?

லத்தீனில் இதன் பொருள் மலையின் பாதி உயரத்தில் நிற்பது. அடிவாரத்தில் இல்லை, உச்சியிலும் இல்லை. கெட்டுப்போகவில்லை, ஆனால் நினைவில் நிற்கவும் இல்லை. ‘சுமார்தான்’ என்பதற்குப் பக்கத்தில் வரும். ஆனால் ஒரு வித்தியாசம். ‘ஆவரேஜ்’ என்றால் வெறும் சராசரி. அதில் குத்தல் இல்லை. ‘மீடியாக்கர்’ என்பதில், இன்னும் நன்றாகச் செய்திருக்கலாமே என்ற சலிப்பு உண்டு.

‘ரன் ஆஃப் தி மில்’ இன்னும் சாந்தமானது. மில்லிலிருந்து தரம் பிரிக்காமல் அப்படியே வரும் சரக்கு. எங்கும் கிடைப்பது. இட்லி, பொங்கல், கெட்டிச் சட்னி என்று எல்லா ஓட்டல்களிலும் உள்ளதே இங்கேயும் இருந்தால் அது ரன் ஆஃப் தி மில். யோசித்துப் பார்த்தால், வெளியூரிலிருந்து வந்தவர் இரும்பையில் சாப்பிட ஆசைப்பட்டது நம்மூர்க் கேழ்வரகு அடையாகவோ கம்பங்கூழாகவோ இருக்கலாம். அவருக்குக் கிடைத்தது பிரட் டோஸ்ட். அதையும் சமையல்கார அக்காவா முடிவு செய்தார்? மெனு எழுதியது முதலாளி!

‘இன்ஸிபிட்’ என்று ஒரு சொல். லத்தீனில் ‘சுவையில்லாத’ என்று பொருள். நம் ‘உப்புச்சப்பில்லாத’ என்பதற்கு அப்படியே பொருந்தும். ரசத்துக்கும் சொல்லலாம், மேடைப் பேச்சுக்கும் சொல்லலாம். ‘ஹாஃப் பேக்ட்’ என்பது நம் ‘அரைவேக்காடு’. ஆனால் ஆங்கிலத்தில் பெரும்பாலும் திட்டத்துக்கும் யோசனைக்கும்தான் சொல்வார்கள்.

இளைஞர்களுக்கு ‘மெஹ்’ போதும். தோளைக் குலுக்கிக்கொண்டு ஒரே அசையில் சொல்லிவிடுவார்கள். ‘தி சிம்சன்ஸ்’ கார்ட்டூன் தொடரால் பிரபலமான இந்தச் சொல்லை 2008இல் காலின்ஸ் அகராதியே ஏற்றுக்கொண்டது. நண்பர்களோடு வாட்ஸ்அப்பில் சரி. அலுவலகக் கடிதத்தில் வேண்டாம்.

அரைகுறை வேலை

‘ஷாடி’ என்ற சொல் வேலையின் நேர்த்தியைக் குறிப்பது. ஏனோதானோ என்று செய்த வேலை. இது முதலில் ஒரு துணியின் பெயர். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் பழைய கம்பளிகளைக் கிழித்துப் பிசிராக்கி, மறுபடி நூலாக நூற்று நெய்தார்கள். பார்க்கப் புதிது போலிருக்கும், சீக்கிரம் நைந்துவிடும். அந்தத் துணியின் பெயரே பின்னால் திட்டாகிவிட்டது.

ஆனால் அந்தத் தொழில் இன்றும் இருக்கிறது. அதுவும் நம் நாட்டில், ஹரியானாவின் பானிபட்டில். உலகம் முழுவதிலிருந்தும் வரும் பழைய துணிகளை அங்கே நிறம் பிரித்து, நூலாக்கி, போர்வை நெய்கிறார்கள். அந்த நூலுக்கு அங்கே இன்றும் ‘ஷாடி’ என்றுதான் பெயர். குளிரில் நடுங்குகிறவருக்கு விலை குறைந்த போர்வை கொடுக்கும் அந்த வேலையில் ஷாடி ஒன்றுமில்லை!

புகார் எழுதும்போது

பேச்சு இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அக்கா சமையலறையிலிருந்து, “அந்த மிக்ஸிக்கும் ஏதாவது எழுதிக் குடேன்” என்றாள். வாங்கி நாற்பதே நாளில் மோட்டார் நின்றுவிட்டதாம். அக்கா மகள் கடைக்கு ஏற்கெனவே எழுதியிருந்தாள். ‘வொர்ஸ்ட் புராடக்ட். வெரி வெரி டிஸப்பாயிண்டட்.’ உங்கள் ஏமாற்றத்துக்கு வருந்துகிறோம் என்று பதில் வந்திருந்தது. அவ்வளவுதான். மனவருத்தத்தைச் சொன்னால் மனவருத்தம்தான் பதிலாக வரும்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு இரண்டு முக்கியமான சொற்கள் உண்டு. பொருளில் குறை என்றால் ‘டிஃபெக்ட்’. சேவையில் குறை என்றால் ‘டெஃபிஷியன்ஸி’. மிக்ஸி ஓடவில்லை, டிஃபெக்ட். ரிப்பேருக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆள் வரவில்லை, டெஃபிஷியன்ஸி. எது என்று பிரித்து எழுதினால், என்ன கேட்கிறீர்கள் என்பது எதிராளிக்குப் புரியும்.

மாற்றி எழுதினோம். வாங்கிய தேதி, பில் எண், மோட்டார் நின்ற தேதி. ஓராண்டு வாரன்டிக்குள் பொருள் ‘டிஃபெக்டிவ்’ ஆகிவிட்டது, ஏழு நாளில் சரிசெய்யவோ மாற்றித் தரவோ வேண்டும். நான்கே வரி. கோபச் சொல் ஒன்றுகூட இல்லை. நான்காம் நாள் ஆள் வந்தார்.

வராமல் போயிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசியிருக்கலாம். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பிரச்சினை வந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது.

மனிதர்களைச் சொல்லும்போது

கடைசியாக ஒன்று. முப்பது வருடம் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் நான். ரேங்க் கார்டில் ‘புவர்’, ‘மீடியாக்கர்’ என்றெல்லாம் நானும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். இப்போது நினைத்தால் கை கூசுகிறது. மிக்ஸியை டிஃபெக்டிவ் என்றால் மிக்ஸி அழாது. பத்து வயதுப் பிள்ளை அந்தச் சொல்லைத் தன் பெயரோடு சேர்த்து வைத்துக்கொள்ளும்.

ஆளுக்குச் சொல்லாமல் வேலைக்குச் சொல்லுங்கள். ‘யூ ஆர் மீடியாக்கர்’ வேண்டாம். ‘திஸ் எஸ்ஸே ஃபெல் ஷார்ட்’ என்று எழுதலாம். ஃபெல் ஷார்ட் என்பது எறிந்த கல் இலக்குக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்த மாதிரி. அடுத்த முறை இன்னும் கொஞ்சம் வீசி எறியலாம். எவ்வளவு தூரம் குறைகிறது, என்ன செய்தால் எட்டும் என்று அடுத்த வரியிலேயே சொல்லவும் முடியும். கால் ஊனத்தைக் குறிக்கும் ‘லேம்’ என்ற சொல்லை மட்டமானது என்ற பொருளில் சொல்வதையும் விட்டுவிடலாம்.

நான் ஊர் திரும்பிய மூன்றாம் நாள் அக்கா மகளிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. எலக்ட்ரீஷியன் வந்து எர்த் கனெக்‌ஷனே இல்லை என்று சொன்னாராம். எல்லா பாத்ரூமிலும் வயர் மாற்றியாகிவிட்டது. வியாழக்கிழமைகளில் டிபனுக்குக் கேழ்வரகு அடை. அடை சுடுவது அதே சமையல்கார அக்காதான்.

வீட்டுப்பாடம்

கீழே உள்ளவற்றுக்கு எந்தச் சொல் பொருந்தும்?

1. ஆறு மாதமாக விளம்பரம் செய்த கடைத் திறப்பு விழாவுக்குப் பத்துப் பேர்கூட வரவில்லை.
2. புதிதாகக் கட்டிய சுவரில் பூச்சு மேடும் பள்ளமுமாக இருக்கிறது. கொத்தனார் அவசரத்தில் முடித்திருக்கிறார்.
3. இந்த வருடம் உங்கள் மாவட்டத்தில் வழக்கத்தைவிட 35 சதவீதம் குறைவாக மழை.
4. பஸ்ஸில் ஏசி டிக்கெட்டுக்குப் பணம் வாங்கிவிட்டு ஏசி போடவே இல்லை.

விடைகள்: 1. டேம்ப் ஸ்குவிப். 2. ஷாடி. 3. டெஃபிஷியன்ட். 4. டெஃபிஷியன்ஸி. நான்காவதற்கு ‘வொர்ஸ்ட்’ என்று எழுதியவர்கள், புகார் பகுதியை இன்னொரு முறை படித்துவிடுங்கள்!